நகர்ந்தால் வெளிச்சம்!

காகிதக் கட்டிலிருந்து ரத்தம் சொட்டியது.

சொட்... சொட்... சொட்...

துப்புரவு அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அலறினாள்.

"ஐயோ... யாராவது ஓடி வாங்களேன்!"

ஞாயிற்றுக்கிழமை காலை. அந்தப் பெரிய தொழிற்சாலையில் இயந்திரங்கள் ஓடவில்லை. அலறல் ஒரு கொட்டகையில் முட்டி அடுத்த கொட்டகையில் எதிரொலித்தது.

முதலில் ஓடி வந்தவள் அவள்தான். சுற்றுச்சூழல் பிரிவின் இளநிலை அலுவலர். வேதியியல் பட்டதாரி. நாலு கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும். அதுவும் மெதுவாக வரும். அதனால் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் 'மியூட்'.

"என்னக்கா?"

"அங்க பாரு மியூட்டு! அட்டைக்கு எங்கயாவது ரத்தம் வருமா?"

ஆள் உயரக் கட்டு. பழைய அட்டைப்பெட்டிகளை இயந்திரத்தில் போட்டு அமுக்கி, கம்பியால் இறுக்கிய கட்டு. பக்கத்தில் பேலிங் மெஷின் வாயைத் திறந்தபடி நின்றது.

அவள் குனிந்து பார்த்தாள்.

தரையில் விழுந்திருந்த ரத்தம் இன்னும் உறையவில்லை.

உறையவில்லை என்றால்... இப்போதுதான்!

கட்டின் இடுக்கில் ஒரு நாடா நீட்டிக்கொண்டிருந்தது. பச்சை நாடா. அடையாள அட்டையை அந்த நிற நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டுகிற ஆள் கம்பெனியில் ஒருவர்தான்.

சுற்றுச்சூழல் மேனேஜர். பச்சைச் சட்டை, பச்சைப் பேனா, பச்சை நாடா. ஆகவே, பச்சை சார்.

"அக்கா... உள்ள நம்ம சார்..."

அவள் பச்சை நாடாவைக் கைகாட்டினாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கனத்த உடம்பு. வாயில் பெப்பர்மின்ட்.

"கட்டைப் பிரிங்கய்யா."

போலீஸ்காரர் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினார். கடைசிக் கம்பி அறுந்ததும்... படார்! கட்டு வெடித்துச் சரிந்தது.

ரத்தத்தில் ஊறிய ஒரு கோட்டு.

நொறுங்கிய ஒரு செல்போன்.

பச்சை நாடாவில் அடையாள அட்டை.

ஒற்றைச் செருப்பு.

அவ்வளவுதான்!

"உடம்பு இல்லையா?!"

கேட்டது மெஷின் ஆபரேட்டர். மியூட்டின் சொந்த அண்ணன். அவன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியிருந்தது.

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"இந்த மெஷினை ஓட்டுறது நீதானா?"

"ஆமா சார்."

"இன்னிக்கு லீவாச்சே?"

"நாளைக்கு வெளியில இருந்து தணிக்கைக்காரங்க வர்றாங்க சார். 'குப்பையே இல்லாத கம்பெனி'ன்னு பட்டம் குடுக்கறதுக்கு. மிச்சம் இருந்த அட்டையை எல்லாம் அமுக்கிடச் சொன்னாங்க."

"உள்ள மனுஷன் கிடக்கிறது தெரியலையா?"

"மெஷினோட வாய் இந்தப் பக்கம் சார். ஸ்விட்ச் அந்தப் பக்கம். அங்க நிக்கிறவனுக்கு வாய் தெரியாது."

"வசதியா வெச்சிருக்கீங்க."

துப்புரவு அக்கா சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"ஏம்ப்பா, நேத்து சாயங்காலம் சாரும் நீயும் சத்தம் போட்டுக்கிட்டீங்களே? கேன்டீன் வரைக்கும் கேட்டுச்சே?"

அண்ணன் விழித்தான்.

"அது... சும்மா பேச்சுக்கா."

"சும்மா பேச்சுக்கா சட்டையைப் பிடிச்சே?"

இன்ஸ்பெக்டர் பெப்பர்மின்ட்டைக் கடித்தார். கடக்!

"சட்டையா? கோட்டா? வாப்பா, செக்யூரிட்டி ரூம்ல உக்காந்து நிதானமா பேசலாம்."

மியூட் அண்ணனையே பார்த்தாள். அப்பா அம்மா போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவன் அண்ணன். தான் பாதியில் விட்ட படிப்பை அவளைப் படிக்க வைத்துத் தீர்த்துக்கொண்டவன். அவன் கையில் விலங்கா? அவன் கழுத்தில் கயிறா?

"சார்... அண்ணன் அப்படிச் செய்யற ஆள் இல்ல சார்."

அவள் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி அக்கா கேட்டதில்லை.

"எல்லா அண்ணனும் தங்கச்சிக்கு அப்படித்தாம்மா தெரிவான்," என்றார் இன்ஸ்பெக்டர். "முதல்ல உடம்பைத் தேடுவோம். வாசல்ல போர்டு பார்த்தேன். 'இந்த வாசலைத் தாண்டி ஒரு பிடி குப்பையும் போகாது'ன்னு. அப்ப உடம்பும் உள்ளதான் இருக்கணும்!"

அவளுடைய செல்போன் அடித்தது. அண்ணி!

"என்ன பாப்பா, யார் யாரோ போன் பண்ணி என்னென்னமோ சொல்றாங்க? உங்க அண்ணனுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. போலீஸ் விசாரிக்குது."

"விசாரிக்கட்டும். நல்லா விசாரிக்கட்டும். பாத்ரூம்ல வந்த எலியை அடிங்கன்னா 'அதுக்கும் குடும்பம் இருக்கும்டி'ன்னு சொல்ற மனுஷன். அவரா கொலை பண்ணுவார்?"

"மாட்டார் அண்ணி."

"நீ பக்கத்துல இருக்கேன்னுதான் தைரியமா இருக்கேன். அவரைக் கூட்டிக்கிட்டு வந்துடு. என்ன?"

"வர்றேன் அண்ணி."

சொல்லிவிட்டாள். எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?

தேடுதல் தொடங்கியது. கொதிகலன் அறை. உரக்குழி. கழிவுநீர்த் தொட்டி. ஒன்றிலும் உடம்பு இல்லை.

"எல்லாக் குப்பையும் கடைசியா எங்க வந்து சேரும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பிரிப்பு அறைக்கு சார். கீழ்த்தளம்."

"ஏட்டு! இந்தப் பொண்ணோட போய்ப் பாருங்க."

ஏட்டு கீழ்த்தளக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். மூக்கில் கைக்குட்டை.

"நீ போய்ப் பாரும்மா. எனக்கு சைனஸ். ஏதாவது இருந்தா ஒரு சத்தம் போடு. மேல நான் இருக்கேன்ல?"

அவள் அடையாள அட்டையைக் கதவில் காட்டினாள். பீப்! இரும்புக் கதவு திறந்து, அவள் உள்ளே போனதும் தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து திறக்கவும் அட்டை வேண்டும்.

படியிறங்கினாள். நீளமான நடை. ஜன்னலே இல்லை.

இருட்டு.

ஓர் அடி வைத்தாள். தலைக்கு மேல் ஒரு விளக்கு எரிந்தது. இன்னோர் அடி. அடுத்த விளக்கு. மின்சாரத்தை மிச்சப்படுத்த வைத்த விளக்குகள். ஆள் நகர்ந்தால் எரியும். ஆள் அசையாமல் நின்றால் சற்று நேரத்தில் அணைந்துவிடும். அவளும் பச்சை சாரும்தான் மாட்டச் சொன்னார்கள். அன்றைக்கு நல்ல யோசனையாகத் தெரிந்தது.

இன்று அப்படித் தெரியவில்லை.

அவள் போன பிறகு பின்னாலிருந்த விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. யாரோ பின்னால் வந்து ஊதி அணைப்பதுபோல!

பிரிப்பு அறை. ஒரு பக்கம் ஸ்பாஞ்சுப் பாளங்கள் சுவர் மாதிரி அடுக்கியிருந்தன. இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் குவியல். அதற்கு மேலே கூரையில், மேலிருந்து குப்பை விழும் சறுக்கின் வாய்.

உடம்பு எதுவும் கண்ணில் படவில்லை. அவள் திரும்ப நினைத்தாள்.

அப்போதுதான் தொட்டிகளைப் பார்த்தாள்.

புதுத் தொட்டிகள். நேற்று மாலைதான் வந்து இறங்கியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற மூடி. எதில் எதைப் போட வேண்டும் என்று இன்னும் சீட்டு ஒட்டவில்லை. நாளைக்குத்தான் ஒட்டப் போகிறார்கள்.

ஊதா மூடி லேசாகத் திறந்திருந்தது. உள்ளே ரத்தம் தோய்ந்த பஞ்சு!

வெள்ளை மூடியைத் தூக்கினாள். கட்டுத்துணி சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை.

பழுப்பு மூடி. சுவரிலிருந்த முதலுதவிப் பெட்டியின் பஞ்சு வந்த அட்டைப்பெட்டி. அழகாகப் பிரித்து, தட்டையாக மடித்து!

அவள் கதவோரம் திரும்பிப் பார்த்தாள்.

இன்றுவரை இருக்கிற முறைப்படி, காயத்துக்குப் போட்ட எதுவானாலும் மொத்தமாகக் கதவோரச் சிவப்பு டிரம்மில் போட வேண்டும். கம்பெனியில் எல்லோருக்கும் அதுதான் தெரியும். சிவப்பு டிரம் காலியாக இருந்தது.

ஊதாவில் பஞ்சு, வெள்ளையில் உறை, பழுப்பில் அட்டை... நாளைக்கு வரப் போகிற முறை அது! நேற்று மாலை, இரண்டே பேர் உட்கார்ந்து முடிவு செய்தது. ஒருத்தி அவள்.

இன்னொருவர் பச்சை சார்.

செத்தவர் தன் காயத்துக்குக் கட்டுப்போட்டு, குப்பையைப் பிரித்துப் போடுவாரா?

சார் சாகவில்லை!

சார் உயிரோடு இருந்தால் கொலையே இல்லை. கொலை இல்லையென்றால் அண்ணனுக்கு விலங்கு இல்லை! அண்ணியிடம் சொன்ன வார்த்தை பொய்யாகாது!

செல்போனில் ஒரே ஒரு கோடு சிக்னல். இன்ஸ்பெக்டரின் எண் அவளிடம் இல்லை. இருந்திருந்தாலும் முதலில் அவருக்குப் பேசியிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

அண்ணனை அழைத்தாள்.

"அண்ணா! எங்க இருக்க? போலீஸ் உன்னை விட்டாங்களா?"

"டீ குடிச்சிட்டு வான்னு விட்டாங்க. கேட்டைத் தாண்டக் கூடாதாம். என்ன பாப்பா?"

"அண்ணா, சார் சாகல!"

மறுமுனையில் டீ கிளாஸ் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணா? கேக்குதா? சார் உயிரோட இருக்கார்!"

"...நீ பார்த்தியா?"

"பார்க்கல. ஆனா நிச்சயமாத் தெரியும். பிரிப்பு அறையிலதான் எங்கயோ இருக்கார். அடிபட்டிருக்கு."

"போலீஸ்கிட்ட சொன்னியா?"

"இல்லண்ணா. உனக்குத்தான் முதல்ல."

"நல்லது. யார்கிட்டயும் சொல்லாத. அங்கயே இரு. நான் வர்றேன்."

இணைப்பு அறுந்தது.

அழப் போகிறான் என்று நினைத்தாள். 'தப்பிச்சேன் பாப்பா' என்பான் என்று நினைத்தாள். அவன் குரல் ஏன் அப்படிக் காய்ந்து கிடந்தது?

யோசித்தபடி அசையாமல் நின்றாள்.

விளக்கு அணைந்தது.

கும்மிருட்டு!

"சார்...?" என்று மெல்லக் கூப்பிட்டாள்.



ஸ்பாஞ்சுப் பாளங்களுக்குப் பின்னால் ஒரு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

யாரோ நகர்ந்திருக்கிறார்கள்!

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்த விளக்கும் அணைந்தது. அங்கே இருப்பதும் அசையவில்லை. இங்கே இவளும் அசையவில்லை. இருட்டில் இரண்டு மூச்சு. ஒன்று அவளுடையது. இன்னொன்று திணறலாக, நீளமாக...

"கூட... யாரு வந்திருக்கா?" இருட்டு கிசுகிசுத்தது.

"யாரும் இல்ல சார். நான் மட்டும்தான்."

"அவன் அனுப்பினானா உன்னை?"

"எவன் சார்?"

விளக்கு எரிந்தது. ஸ்பாஞ்சுக்குப் பின்னாலிருந்து பச்சை சார் எட்டிப் பார்த்தார். முகம் சுண்ணாம்பு. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கட்டு. அதையும் மீறி ரத்தம். ஒரு காலில் செருப்பு இல்லை.

"சார்! மேல போலீஸ் வந்திருக்கு சார். எல்லாரும் நீங்க செத்துட்டதா..."

"போலீஸா? நிஜமாவா?" அவர் சுவரில் சாய்ந்தார். "எனக்குத் தெரியாதேம்மா. போன் போச்சு. அட்டை போச்சு. கதவைத் திறக்க வழியில்ல. சத்தம் போட்டா அவன் வந்துடுவானோன்னு பயம். கதவு திறந்த சத்தம் கேட்டதும் உயிரே போயிடுச்சு."

"யார் சார் அவன்?"

பச்சை சார் அவளைப் பார்த்தார். பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்க அண்ணன்தாம்மா."

"பொய்!"

"மெஷின் வாய்ல தள்ளினான். தள்ளிட்டு ஸ்விட்சு பக்கம் ஓடினான். மேல இருந்து இரும்புத் தட்டு இறங்குது. கோட்டு மாட்டிக்கிச்சு. உருவிப் போட்டுட்டு ஏறிக் குதிச்சேன். கையைத் தகடு கிழிச்சிடுச்சு. பக்கத்துல சறுக்கு. கண்ணை மூடிக்கிட்டு விழுந்தேன். நான் ஒல்லியா இருக்கறதைக் கிண்டல் பண்ணுவீங்களே எல்லாரும்? அதனாலதாம்மா இன்னிக்கு உயிரோட இருக்கேன்."

அவள் காதுகளில் அண்ணனின் குரல் திரும்பக் கேட்டது.

யார்கிட்டயும் சொல்லாத. அங்கயே இரு.

"சார்..." அவள் கையிலிருந்த செல்போனைப் பார்த்தாள். "நான் அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன் சார்."

"என்னன்னு?"

"நீங்க உயிரோட இருக்கீங்கன்னு. இங்க இருக்கீங்கன்னு."

மேலே... பீப்!

இரும்புக் கதவு திறந்தது. சாத்திக்கொண்டது.

நடையின் கோடியில் முதல் விளக்கு எரிந்தது.

"அசையாதீங்க சார்!" அவள் அவரை ஸ்பாஞ்சுக்குப் பின்னால் தள்ளி, தானும் ஒண்டினாள். "அசையாம இருந்தா விளக்கு அணைஞ்சிடும்."

அணைந்தது.

இரண்டாவது விளக்கு.

மூன்றாவது.

கர்ர்ர்... சிமென்ட் தரையில் இரும்பு உரசும் சத்தம். அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். மெஷினில் அட்டை சிக்கினால் குத்தி விடுகிற கம்பி.

"பாப்பா..."

எத்தனை வருஷமாகக் கேட்ட குரல்! சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்தால் இந்தக் குரல்தான் வரும். பயம் போய்விடும்.

இப்போது பயமே இந்தக் குரல்தான்.

"பாப்பா, எங்க இருக்க? நான்தான்டா. அண்ணன்."

அடுத்த விளக்கு. அறையின் வாசல்.

"சார் உன்கிட்ட ஏதாவது சொன்னாரா? நம்பாதடா. அடிபட்டதுல உளறுவார். நீ மேல போ. அண்ணி போன் பண்ணிக்கிட்டே இருக்கா. நான் சாரைப் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கறேன்!

பச்சை சார் நல்ல கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் உடம்பு கேட்கவில்லை. நடுங்கியது. பல் நடுங்கி, தோள் நடுங்கி, சாய்ந்திருந்த ஸ்பாஞ்சுப் பாளமும் சேர்ந்து நடுங்கி...

பளிச்!

அவர்கள் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. நடுக்கமே காட்டிக்கொடுத்துவிட்டது!

அண்ணன் எதிரே நின்றான். கையில் கம்பி.

"விலகு பாப்பா."

"மாட்டேன்."

"விலகுடி!"

அவன் அவளை 'டி' போட்டதே இல்லை.

"அண்ணா, எலியைக் கூட அடிக்க மாட்டியாமே? அண்ணி சொன்னாங்களே?"

"எலி என் பொழைப்புல மண்ணைப் போடலையே!" கம்பி அவன் கையில் துள்ளியது. "நேத்து இவன் என்ன சொன்னான் தெரியுமா? இனிமே அட்டைப்பெட்டியே கம்பெனிக்கு வராதாம். எல்லாம் திரும்பிப் போற பிளாஸ்டிக் கூடையிலதான் வருமாம். அட்டை இல்லேன்னா கட்டு இல்ல. கட்டு இல்லேன்னா மெஷின் இல்ல. மெஷின் இல்லேன்னா நீ எதுக்குன்னு கேட்டான். யார் போட்ட திட்டம்டான்னு சட்டையைப் பிடிச்சேன். 'என் மூளைடா'ன்னு மார் தட்டினான்!"

"அதுக்காக..."

"இன்னிக்குக் காலையில கெஞ்சினேன் பாப்பா. கால்ல விழாத குறையா. சிரிச்சான். தள்ளிட்டேன். தள்ளினதும்... கை தானா ஸ்விட்சுக்குப் போயிடுச்சு." அவன் குரல் கம்மியது. உடனே இறுகியது. "இப்ப இவன் வாயைத் திறந்தா நான் உள்ள. உங்க அண்ணியை யார் பார்ப்பா? உன்னை யார் பார்ப்பா? விலகு!"

கம்பி உயர்ந்தது.

"திட்டம் இவரோடது இல்லண்ணா!"

அவள் கத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினாள்.

"என்னோடது! முழுக்க நான் போட்டது!"

கம்பி அந்தரத்தில் நின்றது.

"என்ன?"

"அட்டையை நிறுத்தச் சொன்னது நான். கூடை கொண்டு வரச் சொன்னது நான். அடிக்கறதுன்னா என்னை அடி."

"நீயா? என் வேலையை... நீயா பாப்பா?"

"உன் வேலையை விட்டுட்டு எழுதுவேனா? கூடையைக் கழுவ மெஷின் வரப் போகுது. அந்த மெஷினை உன்கிட்ட குடுக்கணும்னு எழுதியிருந்தேன். பயிற்சி குடுத்து, மேற்பார்வையாளரா போடணும்னு எழுதியிருந்தேன். மூணாவது பக்கத்துல." அவள் சட்டென்று திரும்பினாள். "சார்! மூணாவது பக்கம் எங்க சார்?"

பச்சை சார் எச்சில் விழுங்கினார்.

"அது வந்து..."

"என் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போட்டுக்கிட்டீங்க. தெரியும். பரவாயில்லன்னு விட்டேன். மூணாவது பக்கத்தை என்ன சார் பண்ணினீங்க?"

"வெட்டிட்டேம்மா."

"ஏன்?"

"ஒரே தாள்ல, முன்னும் பின்னுமா ரெண்டு பக்கத்துல முடிக்கலாம்னு..." அவர் குரல் தேய்ந்தது. "மூணாவது பக்கத்துக்குன்னு இன்னொரு தாள் எடுக்கணும்ல? எத்தனை பிரதி போடணும்... பேப்பர் வேஸ்ட்டாச்சே..."



யாரும் அசையவில்லை.

விளக்கு அணைந்தது.

இருட்டில், உயர்த்திய கம்பியோடு அண்ணன் எங்கேயோ நிற்கிறான். கம்பி இறங்கினால் விளக்கு எரியும். விளக்கு எரிகிறபோது எல்லாம் முடிந்திருக்கும். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு, ஏற்கெனவே விரித்த கைகளோடு அசையாமல் நின்றாள். பின்னால் சார் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

யார் தலையில் விழப் போகிறது? சாரின் தலையிலா? இவள் தலையிலா?

அவளுக்கு மிக அருகில் ஒரு விம்மல் கேட்டது.

டங்...!

கம்பி தரையில் விழுந்து உருண்டது. வெளிச்சம் வந்தது. அண்ணன் முகத்தை மூடிக்கொண்டு மண்டி போட்டிருந்தான். எழுதப்பட்டு, அச்சேறாமல் போன ஒரு பக்கத்துக்காக அழுதுகொண்டிருந்தான்.

நடையில் விளக்குகள் வேகவேகமாக எரிந்தன. பூட்ஸ் சத்தம்.

"யாரும் நகராதீங்க!" இன்ஸ்பெக்டர் மூச்சிரைக்க வந்து நின்றார். சுற்றிலும் விளக்குகள் அணையத் தொடங்கியதும் குரலை மாற்றினார். "இல்ல... கொஞ்சம் நகருங்க. ஒண்ணும் தெரியல."

அவருக்குப் பின்னால் துப்புரவு அக்கா, தன் அடையாள அட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி நின்றாள்.

"உடம்பு இல்லைன்னதும் எல்லாரும் பெருமூச்சு விட்டீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "இவன் ஒருத்தன்தான் வேர்த்தான். செத்துட்டான்னு நினைச்சவன் சாகலையோன்னு பயந்தா அப்படித்தான் வேர்க்கும். அதான் டீ குடிக்க விட்டுப் பின்னாலயே வந்தேன்."

"இவ்வளவு நேரம் என்ன சார் பண்ணினீங்க?" மியூட்டின் குரலில் கோபம் இருந்தது.

"ஏட்டு இவனைத் தடுக்காம உள்ள விட்டுட்டார். எங்களுக்குக் கதவு திறக்கலம்மா. அட்டை வேணுமாமே? ஏட்டு உன்கிட்ட ஒண்ணு வாங்கி வெச்சிருக்கணும். அவருக்கு மூக்கு மட்டும்தான் அடைச்சிருக்குன்னு நினைச்சேன்."

அண்ணன் தானாகக் கைகளை நீட்டினான். விலங்கு பூட்டப்பட்டது. படியேறும்போது நின்றான்.

"பாப்பா, அண்ணிகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா அடிப்பா."

அவள் தலையாட்டினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"சார்... அண்ணனைத் தூக்குல..."

"செத்தவரே வந்து புகார் குடுக்கப் போறார்மா. அப்புறம் எங்க தூக்கு?" இன்ஸ்பெக்டர் புதுசாக ஒரு பெப்பர்மின்ட்டைப் பிரித்தார். "கொலை முயற்சி கேஸ் உண்டு. உள்ள இருந்துட்டுத்தான் வரணும். ஆனா வருவான். கம்பி இறங்கியிருந்தா வந்திருக்கவே மாட்டான். நீ அந்தக் கத்து கத்தினது கதவுக்கு வெளிய எங்களுக்கே கேட்டுச்சு. உன் பேர் மியூட்டாமே? யார் வெச்சது?"

திங்கட்கிழமை.

கூட்ட அறையில் தணிக்கைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எம்.டி. கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி பச்சை சார். வரிசையின் கடைசி நாற்காலியில், இரவெல்லாம் அண்ணியோடு அழுத கண்களோடு அவள்.

எல்லோர் முன்னாலும் இரண்டு தாள்கள் இருந்தன. மூன்று பக்கங்களும் அச்சாகியிருந்தன. விடிந்ததும் வந்து அவளே அச்சடித்தாள்.

தலைமைத் தணிக்கையாளர் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அருமை! குப்பையைக் குறைக்கிற திட்டம் எத்தனையோ பார்த்திருக்கோம். வேலை போறவங்களுக்கும் சேர்த்து யோசிச்சது இதுதான் முதல் தடவை. யாரோட மூளை இது?"

எம்.டி. பெருமையாகப் பச்சை சாரைப் பார்த்தார்.

பச்சை சார் எழுந்தார். கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மேஜைக்கு அடியில் குனிந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"சொல்றேங்க... அதுக்கு முன்னாடி ஒரு சின்ன சந்தேகம். இந்தத் திட்டத்துல வேலை போனவங்க யாராவது இந்த ரூம்ல இருக்காங்களா?"